பக்கத்துப் படுக்கை ரேடியோ

பிப்ரவரி 3

அண்ணனுக்கு,

இரண்டு வருஷம் நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தால் நீ பிரிக்காமலே கிழித்துப் போடுவாய் என்று தெரியும். அதனால் முகவரியைத் தட்டச்சு செய்து, வானொலி நிலையத்தின் முத்திரையைக் குத்தி அனுப்புகிறேன். அலுவலகக் கடிதம் என்று நினைத்தாவது பிரிப்பாய்.

அலுவலகக் கடிதம்தான். ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமைகளில் மாலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை 'கச்சேரியும் பேச்சும்' என்று ஒரு நிகழ்ச்சி செய்கிறோம். நிலையத்தில் இருக்கும் பழைய ஒலிப்பதிவு ஒன்று. அதற்கு முன்னும் இடையிலும் அந்தக் கச்சேரியைப் பற்றிய பேச்சு. முதல் வெள்ளிக்கு உன் நேரலைக் கச்சேரியை எடுத்து வைத்திருக்கிறார் இயக்குநர்.

"உங்க அப்பா கடைசியா கேட்டது அதுதானே? மகன் பாடப் பாட அப்பா உயிர் பிரிஞ்சுதுன்னு சாவு வீட்ல எல்லாரும் சொன்னாங்களே. அத நீங்களே மைக்ல சொல்லுங்க. கேக்கிறவங்க உருகிடுவாங்க" என்கிறார்.

பாடியவர் சம்மதம் வேண்டும் என்றேன். எழுத்தில் வாங்கு என்றார். அதனால்தான் இது.

வேண்டாம் என்றால் ஒரு வரி போதும். நான் வருத்தப்பட மாட்டேன்.

அத்தை என்னோடுதான், அப்பாவின் வீட்டில்தான் இருக்கிறாள். காது முன்னைவிட மோசம். அடுப்பில் பால் பொங்குவதைச் சொன்னால் வாசலில் ஆள் வந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்கிறாள்.

தங்கை


பிப்ரவரி 9

நிலையத்தாருக்கு,

வேண்டாம்.

அலுவலகத்துக்கு அவ்வளவுதான். மீதி உனக்கு.

முத்திரை குத்தி ஏமாற்றுகிற புத்தி உனக்குத்தான் வரும். சரி, பிரித்துவிட்டேன். இப்போது கேட்கிறேன், அந்தக் கதையை எந்த இடத்திலிருந்து தொடங்குவாய்? ஏழு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது மருத்துவமனையிலிருந்து அத்தை தொலைபேசியில் கூப்பிட்டதிலிருந்தா? வாசல் காவலர் அதைச் சீட்டில் எழுதி உன் கையில் கொண்டுவந்து கொடுத்ததிலிருந்தா?

நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். மருத்துவமனை நடந்து போனாலே பத்து நிமிஷம். ஒன்றரை மணி நேரம் பாடி முடித்து வெளியே வந்த பிறகு, "அப்பாவுக்கு ஒரு மாதிரியா இருக்காம், வா" என்றாய். போனபோது போர்த்திவிட்டிருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து அந்தக் காவலர் என்னிடம் வெள்ளந்தியாகச் சொன்னார்: "நீங்க பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சீட்டக் குடுத்துட்டேனே சார். மேடம் சொல்லலியா?"

மேடம் சொல்லவில்லை.

பாடுவதா போவதா என்று முடிவு செய்ய வேண்டியவன் நான். அதை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ள நீ யார்? இதற்குப் பதில் எழுத வேண்டாம். அன்றைக்கே வாய் வலிக்கப் பேசித் தீர்த்தோம்.

அத்தைக்கு ஒரு நல்ல காது வைத்தியரைப் பார்.


பிப்ரவரி 16

அண்ணனுக்கு,

இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். "உங்க அண்ணன்தானே, கொஞ்சம் தாஜா பண்ணிப் பாருங்க" என்றார். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது என்றேன். அவர் விடுகிற ஆள் இல்லை. தானே உனக்கு எழுதப் போகிறாராம். அவர் எழுத்து சர்க்கரைப் பாகு மாதிரி இருக்கும். காலை வைத்துவிடாதே. நீ சொன்ன 'வேண்டாம்' சரியான பதில்தான். அதிலேயே நில்.

மற்றதற்குப் பதில் எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை.

அத்தையை வைத்தியரிடம் கூட்டிப்போனேன். கருவி மாட்டிக்கொள்ளச் சொன்னார். "கேட்டது வரைக்கும் போதும்" என்கிறாள்.

தங்கை


மார்ச் 1

வாயாடிக்கு,

இப்படி அழைத்து எத்தனை நாளாயிற்று. உன் இயக்குநரின் கடிதம் வந்தது. மூன்று பக்கம். உன் அண்ணி சத்தமாகப் படித்தாள். சர்க்கரைப் பாகுதான், ஆனால் நடுவில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. "அந்த மாலை உங்கள் தந்தையார் கேட்டார் என்பதாலேயே அது எங்கள் சேமிப்பில் உள்ள மற்ற கச்சேரிகளைப் போன்றது அல்ல" என்று எழுதியிருக்கிறார். அண்ணி படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நம் சண்டைக்குப் பிறகு இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் மேடை ஏறவில்லை. கல்லூரியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு சரி. யாராவது கச்சேரிக்குக் கூப்பிட்டால் அண்ணி எனக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். விடியற்காலையில் மட்டும் எனக்கு நானே பாடிக்கொள்கிறேன். அதையும் விட்டுவிடாமல் இருப்பதற்கு ஒரே காரணம், அப்பா அன்று கேட்டார் என்பது.

முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன். என் கச்சேரி ஒன்றுக்கும் வந்ததில்லை. "தொண்டையக் கட்டிக்கிட்டு அழறதுக்கு ஒரு கூட்டம், அத ஒக்காந்து கேக்க இன்னொரு கூட்டம்" என்பார். நான் வேலையை விட்டுவிட்டுப் பாடப் போகிறேன் என்று சொன்ன அன்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்தவர், அதற்குப் பிறகு என்னோடு நேருக்கு நேர் பேசியது எண்ணி இருபது வார்த்தை இருக்கும். அந்த மனுஷன் பக்கத்துப் படுக்கைக்காரரின் ரேடியோவில் என்னைக் கேட்டுக்கொண்டே போனார் என்று மருத்துவமனை நடைபாதையில் நீ சொன்னாய் பார், அதுதான் என்னை நிற்க வைத்தது. பிறகு நாம் சண்டை போட்டபோது, 'அவன் பாடட்டும், கூப்பிடாதீங்க' என்று அப்பாவே அத்தையிடம் சொன்னதாகவும் சொன்னாய். அன்று உன்மேல் கை ஓங்காமல் விட்டதற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

ஆகவே சம்மதம். பேச்சை நான் எழுதுகிறேன், நீ வாசி. எனக்குச் சில விவரம் வேண்டும். ரேடியோ எந்தப் பக்கம் இருந்தது? சத்தம் அவருக்கு எட்டியதா? ஏதாவது சொன்னாரா, விரலாவது அசைந்ததா? உயிர் போனது எட்டடிக்கப் பத்து நிமிஷத்துக்கு என்று மருத்துவர் எழுதியிருந்தார். ஒலிப்பதிவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது நான் பெரிய ஆலாபனையின் நடுவில், மேல் ஸ்தாயியில் நின்றுகொண்டிருக்கிறேன். அந்த ராகத்தை அதற்குப் பிறகு யாருக்கும் பாடியதில்லை, அவருக்குத் தவிர.

எழுது.

அண்ணன்


மார்ச் 8

அண்ணா,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நிலையத்தில் ஆள் பற்றாக்குறை.

ரேடியோ சின்னதுதான். சாம்பல் நிறம். ஜன்னல் பக்கம் இருந்ததாக நினைவு. நான் அந்த நேரத்தில் அங்கே இல்லை, உனக்கே தெரியும். அத்தை சொன்னதைத்தான் சொல்ல முடியும். அவளிடம் நீ எதுவும் கேட்காதே. அந்த நாளைப் பேசினாலே அவளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடுகிறது.

பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். அப்பாவைப் பற்றி ரொம்ப வேண்டாமே. பாட்டைப் பற்றி எழுது. நீ அந்த ராகத்தைப் பற்றிச் சொன்னால் கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும். அழுகைக் கதை எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

தங்கை


மார்ச் 15

வாயாடிக்கு,

பேச்சை இத்துடன் அனுப்புகிறேன். நான்கு பக்கம். நீ சொன்னபடி ராகத்தைப் பற்றி ஒரு பக்கம் வைத்தேன், மீதியெல்லாம் அவர்தான். என்ன செய்ய, பேனா அங்கேதான் போகிறது. கடைசிப் பத்தியை மட்டும் நிதானமாக வாசி:

"வாழ்நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் இருந்த ஒருவர், கடைசியாகக் கேட்ட சத்தம் தன் மகனின் குரல். இதற்கு மேல் ஒரு பாடகனுக்கு யார் என்ன பரிசு தந்துவிட முடியும்?"

வகுப்பில் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இவ்வளவு நாள் அவர்களிடம் என் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் வருகிறேன். காலை ரயிலில் ஏறினால் நான்கு மணிக்கு வந்துவிடலாம். நீ வாசிக்கும்போது கண்ணாடிக்கு உன் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். அண்ணியும் வருவாள். இரண்டு நாள் வீட்டில் தங்குகிறோம், மாடி அறையைக் கூட்டி வை.

நீ செய்தது சரி என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் அப்பாவும் மகனும் சேர்வதற்கு அந்த வழிதான் இருந்ததென்றால், அதற்கு நடுவில் நின்றவள் நீ. இரண்டு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தது அதிகம். அதை நேரில் சொல்லலாம் என்றிருந்தேன், கை முந்திக்கொண்டது.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

இதை உட்கார்ந்து படி. அண்ணி பக்கத்தில் இருக்கட்டும்.

பக்கத்துப் படுக்கையில் ரேடியோ இல்லை. பக்கத்துப் படுக்கையில் ஆளே இல்லை. அந்த அறையில் அப்பாவும் அத்தையும் மட்டும்தான் இருந்தார்கள்.

நேற்று உன் பேச்சை ஒத்திகை பார்க்கக் கலையகத்தில் உட்கார்ந்தேன். பதினெட்டு வருஷமாக எத்தனையோ பேர் செத்ததை நடுங்காமல் வாசித்தவள் நான். கடைசிப் பத்தியில் 'கடைசியாகக் கேட்ட சத்தம்' என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது. "பரவாயில்ல மேடம், மறுபடி எடுக்கலாம்" என்றார் ஒலிப்பதிவாளர். நான்கு தடவை எடுத்தோம். நான்கு தடவையும் அதே இடம். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். அந்த மாதத்தில் அத்தை அதற்கு முன்பு இரண்டு முறை கூப்பிட்டிருந்தாள். "அவ்வளவுதான் போலிருக்கு, ஓடிவா" என்பாள். ஓடினால் அப்பா உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார். மூன்றாவது முறையும் புலி வருது கதைதான் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சீட்டில் இருந்தது வேறு. காவலர் அத்தை சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: 'பெரியவனக் கேக்குறான். சீக்கிரம் அனுப்பு.' அப்பா உன்னைக் கூட்டிவரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதற்கு முன் இரண்டு முறையும் அவர் யாரையும் கேட்கவில்லை. அது வேறு மாதிரியான அழைப்பு என்று படித்த உடனே எனக்குத் தெரியும்.

உனக்கு அந்த மாலை நேரக் கச்சேரியை வாங்கித்தர ஒன்பது வருஷம் ஆயிற்று எனக்கு. யார் யார் வாசலிலோ நின்றேன். உனக்காகத்தான் சொல்லவில்லை என்று அன்று கத்தினேன். பாதிப் பொய். நான் தயாரித்த முதல் நேரலை அது. ஏழு மணிக்குப் பாடகர் எழுந்து போய்விட்டால் அது என் தோல்வி. சிவப்பு விளக்கு எரிய நான்கு நிமிஷம் இருந்தபோது, பாடி முடிக்கட்டும், அதுவரைக்கும் அப்பா தாங்குவார் என்று முடிவு செய்துவிட்டேன். அதன் பிறகு நீ பாடியதில் ஒரு ஸ்வரம்கூட என் காதில் விழவில்லை.

மருத்துவமனை நடைபாதையில் நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "என்னக் கேட்டாராடி? கடைசில என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்றாய். கேட்டார் என்ற உண்மையைச் சொன்னால், எப்போது கேட்டார், எனக்கு எப்போது தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். "நீ பாடுனதக் கேட்டாரு அண்ணா. பக்கத்துப் படுக்கைல ரேடியோ வச்சிருந்தாங்க" என்று வாய் சொல்லிவிட்டது. நீ அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாய். அழுகை நின்றுவிட்டது. அதைத் திரும்ப எப்படிப் பிடுங்குவேன்? பிறகு காவலர் சொல்லி நீ சண்டைக்கு வந்தபோது, முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவதைச் சொன்னேன். 'அவன் பாடட்டும்' என்று அப்பா சொல்லவே இல்லை.

அத்தைக்கு எல்லாம் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லிவிடுகிறேன். மாடி அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன், அது வேறு.

தங்கை


ஏப்ரல் 1

உன் கடிதம் கிடைத்த மறுநாளே ரயில் ஏறினேன். நீ நிலையத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் போனேன். அத்தை சொல்லியிருக்க மாட்டாள்.

அவள் காதருகே குனிந்து கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஆமாண்டா. நாலு தடவ கேட்டான். பெரியவன் எங்க, பெரியவன் எங்கன்னு. வந்துட்டிருக்கான்னேன். அப்புறம் கதவையே பாத்துட்டுக் கெடந்தான்."

"ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல?"

"உன் மூஞ்சி அன்னிக்குச் சொல்ற மாதிரியா இருந்துச்சு? அவ ஏதோ சொன்னா, நீ அடங்குன. எனக்கும் அது போதும்னு பட்டுச்சு."

ராத்திரி வண்டியிலேயே திரும்பிவிட்டேன்.

நிகழ்ச்சியை நிறுத்தாதே. நான் எழுதிய நான்கு பக்கத்தையும் கிழித்துப் போடு. அதற்குப் பதில் கீழே உள்ளதை வாசி. ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. இயக்குநரிடம் முன்கூட்டிக் காட்டாதே, விட மாட்டார்.

"இப்போது நீங்கள் கேட்கப் போகும் கச்சேரி நேரலையாக ஒலிபரப்பானது. பாடியவரின் அப்பா அந்த நேரத்தில், இங்கிருந்து பத்து நிமிஷ தூரத்தில், மருத்துவமனையில் இறந்துகொண்டிருந்தார். மகனை அழைத்துவரச் சொல்லி நான்கு முறை கேட்டார். செய்தி கச்சேரிக்கு முன்பே இங்கே வந்தது. பாடியவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டவள் நான். நான் அவருடைய தங்கை. அந்தக் கச்சேரியை அப்பா கேட்டார் என்று இதுவரை சொல்லிவந்ததும் உண்மை அல்ல."

நான் வரவில்லை.


ஏப்ரல் 8

அண்ணா,

வாசித்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சம்பிரதாயமான வணக்கத்தைச் சொல்லிவிட்டு உன் தாளை எடுத்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே ஒலிப்பதிவாளர் தலையைத் தூக்கிவிட்டார். இயக்குநர் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று, நிறுத்து நிறுத்து என்று கையை ஆட்டினார். நேரலையில் நடுவே நிறுத்தினால் இன்னும் அசிங்கம் என்று அவருக்கும் தெரியும். முடித்துவிட்டு உன் கச்சேரியைப் போடச் சொன்னேன். இந்த முறை முழுவதும் கேட்டேன். எட்டடிக்கப் பத்து நிமிஷம் வந்தபோது நீ மேல் ஸ்தாயியில்தான் இருந்தாய். கணக்கில் தப்பில்லை.

இடையில் போட வேண்டிய பேச்சை இயக்குநர் ரத்து செய்துவிட்டார். தொலைபேசி நிற்கவில்லை. நான் எடுத்த ஒன்றில் ஓர் ஆள், "உனக்கெல்லாம் மைக் ஒரு கேடா?" என்றுவிட்டு வைத்தார். என் காதில் விழாமல் மற்றவற்றை ஒலிப்பதிவாளரே எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை உத்தரவு வந்தது. இனி மாலை நிகழ்ச்சி எதிலும் நான் இல்லை. காலையில் வானிலையும் ரயில் நேரமும் வாசிக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

"உன் குரல் வந்துச்சு. என்ன சொன்ன, ஒண்ணும் புரியல" என்றாள்.

"நடந்ததச் சொன்னேன் அத்தை."

"இப்ப அது யாருக்கு?"

உனக்கா, எனக்கா என்று ராத்திரி சாப்பிடும்போதுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். உனக்கு அது ஏதாவது செய்ததா? நீ கேட்டாயா?

தங்கை


ஏப்ரல் 17

கேட்டேன். நீ பேசிய வரைக்கும். தம்பூரா தொடங்கியதும் ரேடியோவை அணைத்துவிட்டேன். ஒன்பது மணி வரை அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அண்ணி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

உன்னை எல்லார் முன்னாலும் நிறுத்தினால் எனக்கு ஏதாவது ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. நீ ஓர் இடத்திலும் தடுமாறாமல் வாசித்தாய். தடுமாறியிருந்தாலும் ஆறியிருக்காது. உன் மாலை நிகழ்ச்சி போனது நான் நினைத்துச் செய்ததில்லை. நினைத்துச் செய்யவில்லை என்றும் சத்தியம் பண்ண மாட்டேன்.

விடியற்காலைப் பாட்டும் நின்றுவிட்டது. பத்து நாளாகத் தம்பூராவின் உறையைக் கழற்றவில்லை. கல்லூரியில் பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று தலையைக் குனிந்துகொண்ட பெண் நிகழ்ச்சியைக் கேட்டிருக்கிறாள் போல. வகுப்பு முடிந்ததும் என் மேஜையைத் தாண்டிப் போகாமல் நின்றுவிட்டுப் போனாள்.

ஒன்றை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். திரும்பி வந்த ரயிலில் அத்தை சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இருபது வருஷமாக அவர் என் பாட்டைக் கேட்க வேண்டும் என்று ஏங்கினேன். நீ அது நடந்துவிட்டதாகச் சொன்னாய். அதை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் வாழ்ந்தேன். நடந்தது அது இல்லை. அவருக்குப் பாட்டு வேண்டியிருக்கவில்லை. நான் வேண்டியிருந்தேன். பாடகன் இல்லை, வேலையை விட்டவன் இல்லை, பெரியவன். நான்கு முறை. நீ ஒரு பொய்யைக் கொடுத்தது பெரிதில்லை வாயாடி. அதைக் கொடுத்து, அதைவிடப் பெரிய நிஜத்தை இரண்டரை வருஷம் எனக்குத் தராமல் வைத்திருந்தாய். அது என்னிடம் இருந்திருந்தால் அழுதிருப்பேன், செத்திருப்பேன், என்னவோ ஆகியிருப்பேன். ஆனால் அது என்னுடையது.

என் பாட்டைக் கேட்டார் என்றாய். அவர் என்னைக் கேட்டிருக்கிறார்.

அத்தையைப் பார்த்துக்கொள். நான் எழுதும்வரை நீ எழுத வேண்டாம். எப்போது என்று எனக்கே தெரியாது.

அண்ணன்